ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணியும் ஒரு கார்டீனியாத் தொட்டியும்

கொஞ்சம் காரமான பதிவு இது. காலையில் காபி குடித்துக்கொண்டே படிப்பவர்கள் காபியை முடித்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் போரூரிலிருந்து சித்தப்பா மகள் வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ அனுப்பினாள். பால்கனியில் ஒரு பீங்கான் தொட்டி, அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கார்டீனியா. கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. முதிர்ந்த இலைகளின் ஓரம் தீயில் வாட்டின மாதிரி பழுப்பு. மொட்டு ஒன்றுகூட விரியவில்லை, எல்லாம் தரையில் கிடக்கிறது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, 650 ரூபா குடுத்து வாங்குனேண்ணா. செத்துடும் போல. நீ விவசாயிதானே, ஒரு வழி சொல்லேன்."

போன் போட்டேன். என்னென்ன செய்தாய் என்று கேட்டேன். யூட்யூபில் பார்த்ததெல்லாம் செய்திருக்கிறாள். டீத்தூள் சக்கை, வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர், எப்சம் சால்ட், ஒரு ஸ்பூன் வினிகர், புளித்த மோர். நம்ம வீட்டில் ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்து, ஒரே நாளில் அல்லோபதி, ஹோமியோ, நாட்டு மருந்து, தர்கா தாயத்து எல்லாம் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அந்தச் செடி.

"எல்லாம் சரிம்மா, தண்ணி எது ஊத்துற?"

"ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணிதாண்ணா. லிட்டர் லிட்டரா சிங்க்ல போவுதே, பாவமா இருந்துச்சு. பக்கெட்ல புடிச்சு செடிக்கு ஊத்துறேன். எங்க அபார்ட்மெண்ட் குரூப்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. தண்ணி சேமிப்பு."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அவள் மேல் கோபமில்லை. அவள் நல்லதுதான் நினைத்தாள். கோபம் அந்த வேஸ்ட் என்ற சொல் மேல். நான் ஆம்பூர்ப் பக்கத்துக்காரன். வேஸ்ட் தண்ணியை அடுத்தவன் வேருக்கு ஊற்றுவது என்றால் என்னவென்று எங்களுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

முதலில் செடி விஷயத்தை முடித்துவிடுகிறேன். இல்லையென்றால் அவள் திட்டுவாள்.

ஆர்.ஓ. மெஷின் தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை, பிரிக்கிறது. உப்பில்லாத தண்ணீர் ஒரு பக்கம், அந்த உப்பையும் சேர்த்துச் சுமந்த தண்ணீர் இன்னொரு பக்கம். உங்கள் குழாய்த் தண்ணீரில் டிடிஎஸ் 900 என்று வையுங்கள். மூன்று லிட்டர் உள்ளே போய், ஒரு லிட்டர் 50 டிடிஎஸ்ஸில் குடிக்க வருகிறது என்றால், மீதி இரண்டு லிட்டரில் 1,300க்கு மேல் இருக்கும். சின்னப் பிள்ளைக் கணக்கு. தினம் ஒரு லிட்டர் அதைத் தொட்டியில் ஊற்றினால் மாதத்துக்கு 40 கிராம் உப்பு உள்ளே போகிறது. தண்ணீர் ஆவியாகப் போகும். உப்பு எங்கே போகும்? அடியில் வடிந்தது போக மீதி அங்கேயேதான் உட்காரும். பால்கனிக்கு மேல் கூரை இருப்பதால் மழை வந்து கழுவவும் வழியில்லை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று கேட்டேன். "ஆமாண்ணா, பூஞ்சைன்னு நினைச்சு தொடச்சேன்" என்றாள். பூஞ்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உப்பு.

கார்டீனியா காபிச் செடியின் குடும்பம். மண் லேசாகப் புளிப்பாக இருக்க வேண்டும், பி.எச். ஐந்திலிருந்து ஆறு, ஆறரைக்குள். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரை ஊற்ற ஊற்ற மண் காரமாகும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இலை ஓரம் கருகுவது உப்பு. இரண்டும் ஒரே பக்கெட்டிலிருந்து வந்தவை. இதுக்குப் போய் எப்சம் சால்ட் போட்டால்? பேரிலேயே சால்ட் இருக்கிறது, யோசிக்க வேண்டாமா?

இன்னொன்று. நீங்கள் வைத்திருப்பது கார்டீனியாதானா என்று முதலில் பாருங்கள். நர்சரிகளில் கந்தராஜ் என்றும் சொல்லி விற்கிறார்கள், சில இடத்தில் அடுக்கு நந்தியாவட்டையையே கார்டீனியா என்று தள்ளிவிடுகிறார்கள். இலையைக் கிள்ளுங்கள். பால் வந்தால் நந்தியாவட்டை. அது நம்ம ஊர்ப் பிள்ளை, எதையும் தாங்கும். பால் வரவில்லை என்றால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். (கார்டீனியா இனத்திலேயே நம்ம காட்டு ஜாதி உண்டு. கும்பை, கம்பி மரம் என்பார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலைக் கல்லுக்குள் முளைத்து, வெயிலில் காய்ந்து, வெள்ளைப் பூ பூத்து நிற்கும். அதன் பிசின்தான் நாட்டு மருந்துக்கடை திக்கமல்லி. அதையெல்லாம் எவன் 650 ரூபாய்க்கு வாங்குகிறான்?)

செய்ய வேண்டியது இதுதான். தொட்டி ஓட்டை அடைக்காமல் இருக்கிறதா பார்த்துவிட்டு, தொட்டி கொள்ளும் அளவைப் போல மூன்று மடங்கு மழைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பை வெளியே கழுவ வேண்டும். மழை இல்லையா, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. போரூரில் ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிறது, பைப் வழியாகத் தெருவில் சொட்டுகிறது, அதைப் பிடிக்க ஆளில்லை. வேஸ்ட் என்று பேர் வைத்தால் அது நல்ல தண்ணீர், நல்ல தண்ணீர் என்று நினைத்து ஊற்றுவது வேஸ்ட். அப்புறம் நாட்டு மருந்துக்கடை அன்னபேதி, லிட்டருக்கு 5 கிராம், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, வெயில் தாழ்ந்த பிறகு இலை மேல் தெளிக்க வேண்டும். மண்ணில் கொட்டினால் காரமண் அதையும் விழுங்கிவிடும். காலை வெயில் போதும், மத்தியான வெயில் வேண்டாம். மொட்டு வந்த பிறகு தொட்டியை இங்கேயும் அங்கேயும் நகர்த்தாதே, கோபித்துக்கொண்டு உதிர்த்துவிடும். தென்னை நார்க் கழிவு போடுவதானால் நாலு தடவை அலசிவிட்டுப் போடு, அதிலும் உப்பு உண்டு.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் தங்கச்சி கேட்டாள்: "அப்போ அந்த வேஸ்ட் தண்ணிய நான் என்னதாண்ணா பண்றது?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவே.

எங்கள் அப்பாவுக்கு ஆற்றிலிருந்து அரைக் கிலோமீட்டரில் ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு. நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிப்போம். கால் ஏக்கரில் மல்லி. அம்மா விடியற்காலை நாலு மணிக்குப் பறித்துக் கட்டினால் அப்பா சைக்கிளில் ஆம்பூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். எண்பதுகளில் முதலில் மல்லி இலை ஓரம் கருகியது. பூச்சி என்று நினைத்து மருந்தடித்தார். உரம் போதவில்லை என்று உரம் போட்டார். அப்புறம் ஒருத்தர் சொன்னாரென்று வேப்பம்புண்ணாக்கு. என் தங்கச்சி டீத்தூள், மோர், வினிகர் என்று அலைந்தாளே, அதேதான். கடைசியில் ஒரு கோடைக்காலம், மடை பாய்ந்த பாத்தியில் தண்ணீர் சுண்டின பிறகு மண் மேல் வெள்ளையாகப் பூத்தது. அப்பா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் டானரியைத் தோல்ஷாப்பு என்போம். தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் ஷாப்புக்கு வரும். முதல் வேலை அதை ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவது. அப்புறம் சுண்ணாம்புக் குழி, அப்புறம் குரோமியம். முன்னே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் பதப்படுத்தினார்கள். ஆவாரம்பூ இருக்கே, நீங்கள் சர்க்கரை நோய்க்கு டீ போட்டுக் குடிக்கிறீர்களே, அந்தச் செடியின் பட்டைதான். எழுபதுகளில் அரைப்பதத் தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுசாய் முடித்த தோலும் செருப்புமாக அனுப்பு என்றது. நல்ல எண்ணம்தான், வேலையும் காசும் இங்கேயே தங்கட்டும் என்று. அந்த வேகத்தில் குரோம் தோல் பெருகியது. காசு தங்கியது. உப்பும் தங்கியது.

ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். நான் சொல்லவில்லை, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் உள்ள கணக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கு, 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. இந்தியா முழுக்க சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் பாடம் நடத்துகிறார்கள். மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்ற விதி இந்த நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாக நிலைபெற்றதில் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு. டானரிகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வை வைத்து அந்தத் தீர்ப்பே எழுதியிருக்கிறது.

அப்புறம் இழப்பீட்டுக்கு என்று ஒரு ஆணையம் வந்தது. 2001-ல் அது போட்ட கணக்கு: பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், நிலம் 15,164.96 ஹெக்டேர், தர வேண்டிய தொகை 26 கோடியே 82 லட்சம். பேப்பரில் பெரிய நம்பர். கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணறு, ஒரு மல்லித்தோட்டம், ஒரு குடும்பத்தின் இருபது வருஷத்துக்கு ஒன்பதாயிரம்! தியாகராய நகரில் நல்ல ஷோரூமில் போய் இன்றைக்கு ஒரு ஜோடி தோல் ஷூ விலை கேட்டுப் பாருங்கள்.

அதுவாவது எல்லாருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உட்கார்ந்து, பாக்கி உள்ள இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் மாநில அரசு கொடு, கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூல் செய் என்று உத்தரவு போட்டிருக்க வேண்டியதில்லை. 1991-ல் போட்ட வழக்கு. எனக்கு அப்போது மீசை முளைத்த வயசு. இப்போது அந்த மீசை நரைத்துவிட்டது.

இந்த இடத்தில் சிலர் கமெண்ட் போடுவார்கள் என்று தெரியும்: "தோல் தொழிலை மூடச் சொல்றீங்களா? லட்சம் பேர் சாப்பாடு என்னாவது?" அண்ணே, என் அண்ணி ஆம்பூரில் ஷூ கம்பெனியில்தான் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கிறது, ஏறுவதில் முக்கால்வாசி பொம்பளைங்க. மல்லி செத்த வீட்டில் அடுப்பெரிந்தது அந்தச் சம்பளத்தில்தான். என் வாயில் மூடு என்ற சொல் வராது. ஆனால் அந்த சம்பளத்தையும் என் கிணற்றையும் ஒரே தராசில் வைத்து, ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்று எவனாவது சொன்னால் அவனோடு எனக்குச் சண்டை. சம்பளம் அவள் உழைப்புக்கு வந்த காசு. கிணற்றுக்கு யாரும் இன்னும் காசு கொடுக்கவில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்களையும் இந்தக் கழிவு விட்டு வைக்கவில்லை. 2015 ஜனவரி 31 நடுராத்திரி ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் வங்காளத்துப் பிள்ளைகள்.

இன்னொரு கமெண்ட்டும் வரும்: "இப்போதான் எல்லாம் சுத்திகரிச்சுத்தானே விடறாங்க?" ஆமாம், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வந்திருக்கின்றன. முன்னைப் போலக் கறுப்பாக ஓடுவது குறைந்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறை என்று அதற்குப் பேர். எப்படி? உங்கள் வீட்டு மெஷின் செய்யும் அதே வேலைதான். ராட்சச ஆர்.ஓ. நல்ல தண்ணீர் திரும்ப ஷாப்புக்கு. ரிஜெக்ட் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைத்தால் கடைசியில் மிஞ்சுவது உப்பு. ஒன்றும் கலக்காத உப்பாக இருந்தாலாவது எதற்காவது ஆகும். இது எல்லாம் கலந்த உப்பு. ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் இன்று வரைக்கும் தீராத தலைவலி. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல். அந்த ஃபேக்டரி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. மழை பெய்தால் மஞ்சளாக ஒழுகுகிறது.

அதனால் தங்கச்சி கேட்ட கேள்வி சின்னக் கேள்வி இல்லை. "வேஸ்ட் தண்ணிய நான் என்ன பண்றது?" வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள், கலெக்டர்கள் மூன்று பேர் ஆனார்கள், சுப்ரீம் கோர்ட்டில் இரண்டு தீர்ப்பு வந்தது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. உப்பை எங்கே வைப்பது?

நகரத்து நண்பர்களே, என் சண்டை உங்களோடு இங்கேதான். உங்கள் வீட்டுக் குழாயில் 900 வந்தால் நீங்கள் ஒரு மெஷின் வாங்கி மாட்டிவிடுகிறீர்கள். பிரச்சினை முடிந்தது. நீங்கள் குடிப்பது 50. மீதி யாருடைய வேருக்குப் போகிறது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடம் கார்ப்பரேஷன், குடிநீர் வாரியம், உங்கள் கவுன்சிலர். "போர்த் தண்ணீர் ஏன் இப்படி உப்பேறியது, எவ்வளவு ஆழத்துக்கு உறிஞ்சுகிறோம், மழைநீர்த் தொட்டி காகிதத்தில் மட்டும்தானே இருக்கிறது" என்று அபார்ட்மெண்ட் மீட்டிங்கில் ஒரு ஆள் எழுந்து கேட்டால் அவரை "நெகட்டிவ் ஆளு" என்று உட்கார வைக்கிறீர்கள். அதே குரூப்பில் "ஆர்.ஓ. தண்ணியை செடிக்கு ஊத்துங்க, பூமியைக் காப்பாத்துங்க" என்று ஃபார்வர்ட் வந்தால் ஐம்பது லைக். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குட்டி ஆம்பூர் செய்துகொண்டிருக்கிறீர்கள், அதுவும் பெருமையாக.

செடி மஞ்சளானதும் டிப்ஸ் சேனல்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? இதைப் போடு, அதைப் போடு, இது நீ செய்த தப்பு. ஒருத்தன்கூட "முதல்ல உங்க தண்ணியைக் காட்டுங்க" என்று கேட்பதில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசினால் பாட்டில் விற்க முடியாது. எங்கள் அப்பாவுக்கும் அதுதான் நடந்தது. உரக்கடைக்காரர் நாலு வருஷம் மூட்டை விற்றார். "யோவ், உன் கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுய்யா" என்று சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை. அப்பா சாகும்வரைக்கும் தன் கைப்பக்குவம்தான் குறைந்துவிட்டது என்று மனசுக்குள் வைத்திருந்தார் என்று அம்மா இப்போதும் சொல்வாள். எனக்கு மன்னிக்க முடியாதது அதுதான். நிலம் போனது ஒருபக்கம். ஒரு நல்ல விவசாயி தன்னையே சந்தேகப்பட்டுச் செத்தார்.

தங்கச்சிக்கு நான் சொன்ன பதில்: அந்தத் தண்ணீரில் வீடு துடை, கக்கூசுக்கு ஊற்று, பால்கனிக் கம்பியைக் கழுவு. செடிக்கு ஊற்றாதே. இருநூறு முன்னூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் விற்கிறது, ஒன்று வாங்கு. குழாயில் எவ்வளவு, ரிஜெக்டில் எவ்வளவு, ஏசித் தண்ணியில் எவ்வளவு என்று எழுதி அந்த குரூப்பில் போடு. குடிக்க 500க்குள் இருக்கணும், வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் கட்டடத்து போர் எந்த இடத்தில் நிற்கிறது என்று எல்லாரும் பார்க்கட்டும். முதலில் திட்டுவார்கள். பரவாயில்லை.

எங்கள் வீட்டிலும் கார்டீனியா உண்டு, சொல்ல மறந்துவிட்டேன். திண்ணையோரம் இரண்டு தொட்டி, ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒரே நாளில் வைத்த குச்சி. ஒன்றுக்கு ஓட்டுக் கூரையிலிருந்து அம்மா டிரம்மில் பிடித்து வைக்கும் மழைத் தண்ணீர். இன்னொன்றுக்கு வேண்டுமென்றே கிணற்றுத் தண்ணீர். மழைத்தண்ணிச் செடி இடுப்பு உயரம், இந்த வருஷம் பதினேழு பூ. கிணற்றுத்தண்ணிச் செடி சாண் உயரத்தில் மஞ்சளாக நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் "ஏன் அதைத் தூக்கிப் போடாம வெச்சிருக்க?" என்பார்கள். அம்மா விடமாட்டாள். "இருக்கட்டும்டா, எவனாவது ஆபீசர் வந்தா காட்டலாம்" என்பாள்.

2021 நவம்பரில் பாலாற்றில் கரை தொட்டு வெள்ளம் போனது. அதற்கடுத்த இரண்டு வருஷம் கிணற்றில் மீட்டர் இறங்கியது, 1,400 வரைக்கும் வந்தது. அந்தச் சாண் செடிகூட நாலு பச்சை இலை விட்டது. இன்று காலை பார்த்தேன். 2,860.

மழைத்தண்ணிச் செடியிலிருந்து ஆறு குச்சி ஆடியில் வைத்தேன், நாலு வேர் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி எக்ஸ்பிரஸில் சித்தப்பா போரூர் போகிறார். அவர் கையில் ஒரு செடியும், அஞ்சு லிட்டர் கேனில் மழைத் தண்ணீரும் கொடுத்தனுப்புகிறேன். "தண்ணியைக் கூடவா ஆம்பூர்லருந்து தூக்கிட்டுப் போவணும்?" என்று அவர் முனகுகிறார். முனகட்டும்.